மூன்று நோய்க்கு ஒரே பெயர் வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் சத்தியமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருப்பவள். 26 ஆண்டுகள் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்திவிட்டு இரண்டு வருடம் முன்பு பணி நிறைவு பெற்றேன். என் அண்ணன் வெண்பன்றி வளர்க்கிறார். 18 தாய்ப்பன்றிகள். குட்டியும் வளர்பன்றியுமாகச் சேர்த்தால் எந்த நேரமும் நூற்றைம்பதுக்குக் குறையாது.

சென்ற வாரம் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் பன்றிக் காய்ச்சல் பற்றி ஒரு செய்தி வந்திருந்தது. செய்தி பேசியது பண்ணைப் பன்றிகளைக் கொல்லும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலைப் பற்றி. ஆனால் தலைப்பில் 'பன்றிக் காய்ச்சல்' என்று மட்டும்தான் இருந்தது. படத்தில் முகக்கவசம் போட்ட மனிதர்கள் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றார்கள். கடைசிப் பத்தியில், சளி இருமல் இருந்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள் என்று அறிவுரை. அன்று மாலையே கோவை வியாபாரி அண்ணனுக்கு போன் செய்து, சனிக்கிழமை ஏற்றுவதாக இருந்த 12 பன்றிகளை வேண்டாம் என்றுவிட்டார். "பேப்பர்லயே போட்டுட்டாங்க, இனிக் கறி போகாதுங்க" என்றாராம். ஒவ்வொன்றும் 90 கிலோவைத் தாண்டிவிட்டது. விற்க வேண்டிய எடைக்கு மேல் அது தின்னும் தீவனமெல்லாம் நஷ்டக் கணக்கில்தான் சேரும். வியாபாரி மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் படித்ததை நம்பினார்.

தமிழில் நாம் மூன்று நோய்களை ஒரே பெயரில் எழுதிக்கொண்டிருக்கிறோம். 2009-ல் உலகம் முழுக்கப் பரவிய எச்1என்1 இன்ஃப்ளுயன்சாவையும் பன்றிக் காய்ச்சல் என்றுதான் எழுதினோம். அது மனிதருக்கு மனிதர் தொற்றிய சளிக்காய்ச்சல். பன்றி வளர்ப்பவர்கள் காலங்காலமாக 'ஹாக் காலரா' என்று சொல்லி வந்த கிளாசிக்கல் பன்றிக் காய்ச்சல் வேறு. அது பன்றிக்கு மட்டும் வருவது, அதற்குத் தடுப்பூசி உண்டு. மூன்றாவதுதான் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். இதுவும் மனிதருக்கு வராது, பன்றிக்கறி தின்பதாலும் வராது. ஆனால் பண்ணைக்குள் புகுந்துவிட்டால் தொழுவமே காலியாகும். 1921-ல் கென்யாவிலிருந்து முதன்முதலாக விவரிக்கப்பட்ட நோய் இது. 2007-ல் ஜார்ஜியா, 2018 ஆகஸ்டில் சீனா, 2020-ல் அசாமும் அருணாசலப் பிரதேசமும், 2022 ஜூலையில் வயநாடு என்று நகர்ந்து வந்து, 2023 ஜனவரியில் முதுமலையில் செத்துக்கிடந்த காட்டுப்பன்றிகளில் உறுதியானது. முதுமலை எங்களுக்கு ரொம்பத் தூரமில்லை. ராத்திரியானால் காட்டுப்பன்றி எங்கள் மக்காச்சோளக் காட்டுக்குள் வந்து போகிறது.

பெயர் என்ன பெயர், எப்படி எழுதினால் என்ன என்று நினைக்க வேண்டாம். இந்த மூன்று வைரஸ்களும் பெருகும் விதத்தைப் பார்த்தால், இவற்றை ஒரே பெயரில் அழைப்பது எவ்வளவு தவறு என்று தெரியும். பெருகும் வேலையைச் செய்பவை அந்தந்த வைரஸின் நொதிகள், அதாவது என்சைம்கள். பத்திரிகைக்கு எழுதும் கடிதத்தில் நொதிப் பாடம் எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

போன ஐப்பசியில் ஒரு ஆள் பைக்கில் வந்து அண்ணன் பண்ணை வாசலில் நின்றார். பின் சீட்டில் ஒரு தெர்மகோல் பெட்டி. ஆப்பிரிக்கக் காய்ச்சலுக்கு வெளிநாட்டு ஊசி, பன்றிக்கு 350 ரூபாய், பக்கத்து ஊரில் எல்லாரும் போட்டுவிட்டார்கள் என்றார். அண்ணன் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நான் போனபோது பெட்டிக்குள் ஐஸ் முழுக்கக் கரைந்து, பாட்டில்கள் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தன. ஒன்றை எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். பாதி லேபிள் உரிந்திருந்தது. இருந்த பாதியில் எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்து. தயாரித்த தேதி, காலாவதி தேதி, தொகுதி எண் எதுவும் இல்லை. "இதுல என்னங்க இருக்குது?" என்று கேட்டேன். "வைரஸோட என்சைமை எடுத்துட்டாங்க டீச்சர். என்சைம் இல்லாட்டி அது பெருகாது, பன்றிக்கு எதிர்ப்பு மட்டும் வந்துரும்" என்றார். மனப்பாடமாக, தடங்கலில்லாமல் சொன்னார்.

அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். "அவரு சொல்றது நெசந்தானா அம்மிணி?"

அந்தக் கேள்விக்கு அன்று என்னால் ஒரே வரியில் பதில் சொல்ல முடியவில்லை. ஆள் சொன்னதில் ஒரு நோய்க்குப் பொருந்தும் உண்மை இருந்தது. அது இந்த நோய்க்குப் பொருந்தாது. ஊசி வேண்டாம் என்று அனுப்பிவிட்டு, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் திண்ணையில் உட்கார்ந்து அண்ணனுக்கு விளக்கினேன். அவர் படித்தது எட்டாவது. முழுக்கப் புரிந்துகொண்டார். அதையேதான் இங்கே எழுதுகிறேன்.

வைரஸ் தனியாக எதையும் செய்யாது, செல்லுக்குள் புகுந்து செல்லின் கருவிகளைப் பிடித்துக்கொண்டு தன்னைப் பெருக்கும் என்று பள்ளியில் நடத்துவோம். நானும் 26 வருடம் அப்படித்தான் நடத்தினேன். பன்றியின் வைரஸ்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் அந்த ஒரு வரி போதாது. கல்யாண வீட்டுக்குச் சமைக்க வருபவர்களில் இரண்டு வகை உண்டு. சிலர் கையை வீசிக்கொண்டு வருவார்கள். அண்டா, கரண்டி, அரிவாள்மணை எல்லாம் வீட்டுக்காரர் எடுத்துக் கொடுக்க வேண்டும். சிலர் டெம்போ நிறையப் பாத்திரத்தோடு வந்து இறங்குவார்கள்.

இந்த மூன்றிலும் சேராத பன்றி சர்க்கோ வைரஸ் முதல் வகை. அதன் மரபுப்பொருள் மொத்தமே 1,700 எழுத்துச் சொச்சம் (மரபுக் குறிப்பின் ஓர் அலகைத்தான் எழுத்து என்கிறேன்). நகலெடுப்பதைத் தொடங்கி வைக்க ஒரு புரதம் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். நகலெடுக்கும் டி.என்.ஏ. பாலிமரேஸ் அதனிடம் கிடையாது. பன்றியின் செல் தான் பிரிவதற்காக அந்த நொதியைத் தயாரிக்கும் நேரம் வரை காத்திருந்து, அதை வைத்துத்தான் பெருக வேண்டும்.

கிளாசிக்கல் காய்ச்சல் வைரஸ் நடுவில் நிற்பது. சுமார் 12,300 எழுத்துள்ள ஆர்.என்.ஏ. இதை ஆர்.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ.வாகவே நகலெடுக்க வேண்டும். பன்றியின் செல்லில் அந்த வேலைக்கு ஏற்ற கருவி இல்லை. அதனால் வைரஸ் தன் பாலிமரேஸைத் தானே தயாரித்துக்கொள்கிறது. செல்லுக்குள் முதலில் உருவாவது ஏறத்தாழ 3,900 அமினோ அமிலம் நீளமுள்ள ஒரே புரதம். அதை வெட்டித் துண்டாக்கினால்தான் ஒவ்வொரு துண்டும் வேலை செய்யும். வெட்டுவதில் ஒரு பங்கு செல்லின் நொதிகளுக்கு, இன்னொரு பங்கு வைரஸின் சொந்த வெட்டு நொதிகளுக்கு. இதில் இன்னொரு விசேஷமும் உண்டு. ஆர்.என்.ஏ.வை அறுக்கும் ஒரு நொதியை இந்த வைரஸ் தன் மேலுறையிலேயே வைத்திருக்கிறது.

இன்ஃப்ளுயன்சாவும் ஆர்.என்.ஏ. வைரஸ்தான், தன் பாலிமரேஸைத் துகளுக்குள் சுமந்து வருகிறது. அதன் மேற்புறத்தில் நியூராமினிடேஸ் என்று ஒரு நொதி. எச்1என்1 என்பதில் உள்ள 'என்' அதுதான். புதிதாகப் பிறந்த வைரஸ் செல்லின் தோலில் ஒட்டிக்கொண்டு நிற்கும்போது அந்த ஒட்டலை அறுத்து விடுவிப்பது இதன் வேலை. 2009-ல் நாம் எல்லாரும் பெயர் கேட்ட டாமிஃப்ளூ மாத்திரை அந்த நொதியைத்தான் தடுக்கிறது. ஆப்பிரிக்கக் காய்ச்சல் வைரஸில் நியூராமினிடேஸே கிடையாது. ஆகவே அந்த மாத்திரைக்கு இங்கே வேலை இல்லை. சென்ற வாரச் செய்தியைப் படித்துவிட்டு, பன்றிக்கு அந்த மாத்திரையைக் கொடுக்கலாமா என்று எங்கள் ஊரிலேயே ஒருவர் மருந்துக்கடையில் கேட்டிருக்கிறார். இரண்டுக்கும் ஒரே பெயர் என்பதால் வந்த வினை.

டெம்போவோடு வந்து இறங்குவது ஆப்பிரிக்கக் காய்ச்சல் வைரஸ். இதன் டி.என்.ஏ. 1,70,000 முதல் 1,90,000 எழுத்து வரை நீளும். 150-க்கு மேற்பட்ட புரதங்களுக்கான குறிப்பு அதில் இருக்கிறது. உள்ளே நுழையும் துகளுக்குள்ளேயே ஆர்.என்.ஏ. பாலிமரேஸ், படியெடுத்த ஆர்.என்.ஏ. செய்தியின் முனைக்குத் தொப்பி போடும் நொதி, வால் சேர்க்கும் நொதி எல்லாம் தயாராக மடித்து வைக்கப்பட்டிருக்கும். பெரும்பாலான டி.என்.ஏ. வைரஸ்கள் செல்லின் உட்கருவுக்குள் போய் அங்குள்ள நொதிகளை எதிர்பார்க்கின்றன. இது சைட்டோபிளாசத்தில், உட்கருவுக்குப் பக்கத்தில் தனக்கென்று ஒரு பட்டறை போட்டு, பெரும்பகுதி வேலையை அங்கேயே முடித்துக்கொள்கிறது. புரதம் கட்டும் ரைபோசோம் மட்டும் இதனிடம் இல்லை. பாத்திரமெல்லாம் கொண்டு வந்தவர் அடுப்பை மட்டும் வீட்டுக்காரரிடம் வாங்கிக்கொள்வது மாதிரி.

இவ்வளவு சாமானை ஏன் சுமக்கிறது? அது தேர்ந்தெடுக்கும் வீடு அப்படி. இது புகுவது மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கும் செல்லுக்குள். கிருமிகளைப் பிடித்துத் தின்று அழிப்பதே அந்தச் செல்லின் தொழில். அது அடிக்கடி பிரிவதில்லை. பிரியாத செல்லில் டி.என்.ஏ. கட்டுவதற்கான மூலப்பொருள் குறைவாகத்தான் இருக்கும். அதனால் மூலப்பொருளைத் தயாரிக்கும் நொதிகளையும் வைரஸே வைத்திருக்கிறது. தைமிடின் கைனேஸ் அவற்றில் ஒன்று. அப்புறம், விழுங்கும் செல் கிருமியைக் கொல்ல வீரியமான ஆக்சிஜன் பொருட்களை வீசும். அவை டி.என்.ஏ.வை அரிக்கும். அதைச் சரிசெய்யவும் தனிக் குழு இருக்கிறது. ஓட்டு வீட்டில் உடைந்த ஓட்டை மாற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நொதி பழுதான இடத்தில் இழையை வெட்டித் திறக்கிறது, பாலிமரேஸ் எக்ஸ் அந்த இடத்தில் புது எழுத்தை வைக்கிறது, லைகேஸ் ஓரத்தைச் சேர்த்து ஒட்டுகிறது. இந்தப் பாலிமரேஸ் எக்ஸ் வெறும் 174 அமினோ அமிலம் கொண்டது. இதுவரை தெரிந்த டி.என்.ஏ. பாலிமரேஸ்களிலேயே மிகச் சிறியது என்று சொல்கிறார்கள். பன்றியைக் காக்க வேண்டிய செல்லுக்குள்ளேயே, அதன் ஆயுதத்தைத் தாங்கிக்கொண்டு, நாள் முழுக்க ஓடு மாற்றிக்கொண்டு பெருகும் வைரஸ் இது. அந்த நொதியைப் பற்றி முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

பெருகி முடிக்கும் தருணத்திலும் ஒரு நொதி காத்திருக்கிறது. புது வைரஸின் உட்கூட்டைக் கட்டும் புரதங்கள் முதலில் இரண்டு நீளப் புரதங்களாகத்தான் பிறக்கின்றன. வைரஸின் சொந்த புரோட்டியேஸ், அதாவது புரதத்தை வெட்டும் நொதி, அவற்றை அளவாக வெட்டிக் கொடுத்தால்தான் தொற்றக்கூடிய வைரஸ் முழுதாக உருவாகும். மருந்து தேடுபவர்களில் பலர் இந்த நொதியைக் குறிவைத்துத்தான் உழைத்துக்கொண்டிருக்கிறார்கள். பண்ணைக்கு வந்து சேர்ந்த மருந்து இன்னும் ஒன்றும் இல்லை.

சரி, ஊசிக்காரர் சொன்ன 'என்சைமை எடுத்த' கதைக்கு வருகிறேன். அது ஆஜெஸ்கி நோயின் கதை. பன்றிக்கு வரும் ஹெர்பிஸ் வகை வைரஸ் அது, நரம்பைத் தாக்கும். நரம்பு செல் பிரிவதில்லை, அதில் தைமிடின் கைனேஸ் மிகக் குறைவு. வைரஸ் தன் சொந்த நொதியை வைத்துத்தான் அங்கே பெருகுகிறது. அந்த நொதிக்கான மரபணுவை எடுத்துவிட்டால், பிரியும் செல்களில் கொஞ்சம் பெருகிப் பன்றிக்கு எதிர்ப்பைக் கற்றுக்கொடுக்கும், நரம்புக்குள் போய்க் கொல்லாது. அப்படிச் செய்த தடுப்பூசிக்கு 1986-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. மரபணுப் பொறியியலால் உருவாக்கி அங்கே உரிமம் பெற்ற முதல் உயிர் வைரஸ் தடுப்பூசி அதுதான். எனக்கு ரொம்பப் பிடித்த வேலை இது. ஒரு நொதி எந்தச் செல்லில் தேவை, எந்தச் செல்லில் தேவையில்லை என்று துல்லியமாகத் தெரிந்து வைத்துக்கொண்டு செய்தது.

அதே யோசனையை ஆப்பிரிக்கக் காய்ச்சல் வைரஸிலும் செய்து பார்த்தார்கள். ஜார்ஜியாவில் பரவிய வகையிலிருந்து தைமிடின் கைனேஸ் மரபணுவை நீக்கினார்கள். வைரஸ் வலுவிழந்தது, பன்றிக்கு நோய் வரவில்லை. ஆனால் அந்தப் பன்றிகளுக்குப் பிறகு வீரியமுள்ள வைரஸைக் கொடுத்தபோது பாதுகாப்பு கிடைக்கவில்லை. வீட்டுக்குள் நன்றாக நுழையாத விருந்தாளியை வீட்டுக்காரர் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. அதிகமாக வலுவிழக்கச் செய்தால் எதிர்ப்பு வராது, குறைவாகச் செய்தால் ஊசியே நோயைக் கொடுக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இத்தனை வருடமாக ஆராய்ச்சி தட்டுத்தடுமாறி நடக்கிறது. வேறொரு மரபணுவை நீக்கிச் செய்த தடுப்பூசியை 2022-ல் வியட்நாம் அனுமதித்தது. சில மாதங்களிலேயே அங்கே சில இடங்களில் ஊசி போட்ட பன்றிகள் இறந்ததால் நிறுத்தி வைத்து விசாரிக்க வேண்டியதாயிற்று. அரசாங்கம் கண் வைத்துச் செய்யும் இடத்திலேயே இந்த நிலை. சீனாவில் 2021 வாக்கில், மரபணு நீக்கப்பட்ட வைரஸே பண்ணைகளில் நோயாகப் பரவியதாகச் செய்தி வந்தது. அனுமதியில்லாத ஊசிகளிலிருந்து அது கிளம்பியிருக்கும் என்று சந்தேகப்பட்டார்கள். கரைந்த ஐஸில் மிதந்த அந்தப் பாட்டிலில் ஒன்றுமே இல்லாமல் இருந்தால் 350 ரூபாய் நஷ்டம். உயிருள்ள வைரஸ் இருந்திருந்தால்?

அண்ணனிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "அப்ப நாம என்னதான் பண்றது?" என்றார். அதற்கும் நொதியே பதில். நொதியும் புரதம்தான். வெந்த முட்டை திரும்பப் பச்சை முட்டை ஆவதில்லை. குளிரில் வைரஸ் சாகாது. ஃப்ரீசரில் வைத்த கறியில் வருடக்கணக்கில்கூடத் தாங்கும். சூட்டில் நிற்காது. ஓட்டல் மிச்சத்தைப் பன்றிக்குப் போடாமல் இருப்பதே நல்லது. போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் 90 டிகிரியில் ஒரு மணி நேரம், விடாமல் கிளறிக்கொண்டே சூடாக்க வேண்டும் என்று உலக விலங்கு சுகாதார அமைப்பின் விதி சொல்கிறது. கிளறுவதுதான் முக்கியம். அண்ணன் முன்பு டிரம்மில் மேலே ஆவி வந்ததும் இறக்கிவிடுவார். நடுவில் இருக்கும் எலும்புக் கறி வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். இப்போது ஒரு நீளத் துடுப்பு செய்து வைத்திருக்கிறார். வாசலில் காஸ்டிக் சோடா கரைத்த தொட்டி, ஆயிரத்துக்கு எட்டுப் பங்கு. பண்ணைக்குள் போடும் செருப்பு வெளியே வராது. காட்டுப்பக்கம் இரட்டை வேலி. வேலைக்கு வரும் இரண்டு பேரும் தங்கள் வீட்டில் பன்றி வளர்ப்பதை நிறுத்திவிட்டார்கள், அதற்கு ஈடாக மாதம் ஒரு தொகை கொடுக்கிறார்.

பன்றி தீனி தின்னாமல் படுத்து, காதும் வயிறும் சிவந்து நீலமானால், கிளாசிக்கலா ஆப்பிரிக்கமா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. ஆய்வகம்தான் சொல்ல முடியும். அங்கேயும் வித்தியாசம் உண்டு. ஆப்பிரிக்கம் டி.என்.ஏ., நேராக பி.சி.ஆர். (டி.என்.ஏ.வைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் சோதனை) செய்யலாம். கிளாசிக்கல் ஆர்.என்.ஏ., முதலில் அதை டி.என்.ஏ.வாக மாற்ற வேண்டும். மாற்றித் தருவதும் ஒரு வைரஸின் நொதிதான், ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ். ஆகவே சந்தேகம் வந்த அன்றே கால்நடை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். கொன்று புதைத்துவிடுவார்களே என்று பயந்து, ராவோடு ராவாகப் பன்றியை விற்றுவிடுபவர்களும் இருக்கிறார்கள். அவர்களைத் திட்டி எழுதுவது சுலபம். கடன் வாங்கிப் பண்ணை போட்டவருக்கு இழப்பீடு எப்போது, எவ்வளவு என்று தெளிவாகத் தெரிந்தால் அவரும் சொல்லுவார். தங்கள் செய்தியாளர்கள் அதைக் கேட்டு எழுதினால் ஊருக்கே உபகாரம்.

தங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலைத் தலைப்பிலும் முழுப் பெயராகவே எழுதுங்கள். மனிதருக்கு வருவதை இன்ஃப்ளுயன்சா என்றோ எச்1என்1 என்றோ எழுதுங்கள். பண்ணைச் செய்திக்கு ஆஸ்பத்திரிப் படம் வேண்டாம். சென்ற வாரச் செய்திக்கு, அது வந்த அதே பக்கத்தில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். பன்றிக்கறி தின்பதால் இந்த நோய் மனிதருக்கு வராது என்ற ஒரு வரி அதில் இருக்கட்டும். அந்தப் பக்கத்தை அண்ணன் கோவை வியாபாரிக்கு போட்டோ எடுத்து அனுப்பக் காத்திருக்கிறார். 12 பன்றிகளும் இன்னும் கொட்டிலில்தான் நிற்கின்றன.

என் பெயரை வெளியிட வேண்டாம். ஊர் சின்னது, அண்ணனின் பண்ணை எது என்று உடனே தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
விலங்கியல் ஆசிரியை (பணி நிறைவு),
சத்தியமங்கலம் வட்டம், ஈரோடு மாவட்டம்.